14 இடம் பொண்ணு பார்த்தாச்சு. என் மதிப்பை யார் முடிவு பண்றாங்க?

#1 ஷிஃப்ட் முடிஞ்சவன் | ஞாயிறு, இரவு 11:20

வணக்கம். ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்தவன், இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன். வயது 31. ஊர் பாலக்கோடு பக்கம், வேலை ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில். டிப்ளமோ மெக்கானிக்கல், நிரந்தர வேலை, பிஎஃப் உண்டு. குடிப்பழக்கம் கிடையாது. (புரோக்கர் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் இங்கேயும் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.)

மூன்று வருஷத்தில் 14 இடம் பார்த்தாயிற்று. பாதிக்கு மேல் போனிலேயே முடிந்துபோனவை. "பையன் பெங்களூருங்களா, ஓசூருங்களா?" "ஓசூருங்க." "சரிங்க, கலந்துட்டுச் சொல்றோம்." அதோடு சரி.

போன வருஷம் நைட் ஷிஃப்ட் பஸ்ஸில் உட்கார்ந்து வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஆணுக்கு மதிப்பு என்று ஒன்று இருக்கிறதாம், பத்துக்கு எவ்வளவு என்று நாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டுமாம். உயரம், சம்பளம், உடம்பு, பெண்ணின் பின்னால் போகாத குணம். எனக்கு 4.5 வந்தது. இன்னொரு பாடம், மெசேஜ் வந்தால் உடனே பதில் போடாதே, எளிதில் கிடைக்காத பொருளுக்குத்தான் கிராக்கி.

மார்ச்சில் காரிமங்கலம் பக்கம் ஒரு இடம் கிட்டத்தட்ட அமைந்துவிட்டது. பேசிப் பழகட்டும் என்று இரண்டு வீட்டிலும் நம்பர் கொடுத்தார்கள். அந்தப் பெண் "சாப்டீங்களா?" என்று அனுப்பினார். நான் பாடத்தின்படி இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் அவருடைய மாமா கூப்பிட்டு, "உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னு நினைக்கிறோம், பரவால்லைங்க" என்று முடித்துவிட்டார்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இந்த மதிப்புக் கணக்கு உண்மையா? பெண்கள் எதைப் பார்க்கிறார்கள்?

#2 காவேரிப்பட்டணத்தான் | ஞாயிறு, இரவு 11:41

சாப்டீங்களான்னு கேட்டதுக்கு ரெண்டு நாள் கழிச்சு என்ன நண்பா பதில் போட இருந்தீங்க? "முந்தாநேத்து சாப்பாடா, இன்னைக்கா?"

#3 கிளிமூக்கு | திங்கள், காலை 6:05

தம்பி, எனக்கு உளவியல் தெரியாது. போச்சம்பள்ளிப் பக்கம் மூன்று ஏக்கர் மாந்தோப்பு, அதை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் தோப்பில் முக்கால்வாசி பெங்களூரா மரம். டன் கணக்கில் கூழ் ஆலைக்குப் போகிறது. அதற்கு விலை வைப்பது காயின் ருசி இல்லை. ஆலைக்காரன் அந்த வருஷம் எவ்வளவு அரைக்கிறான், ஆந்திராவில் விளைச்சல் எப்படி, இதுதான் விலை. நல்ல காய் காய்த்த வருஷம் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் மரத்திலேயே விட்டதுண்டு. ஆனால் கிணற்று மேட்டில் ஒரு செந்தூரா நிற்கிறது. அதில் ஒரு காய்கூட மண்டி பார்த்தது கிடையாது. என் மகள் சேலத்திலிருந்து வரும்போது செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பது அந்த மரத்துப் பழத்தைத்தான்.

நீங்கள் போட்டுக்கொண்ட 4.5 மண்டி விலை. மண்டி பொய் என்று நான் சொல்லவில்லை, அதை நம்பித்தான் பிழைக்கிறேன். ஆனால் யாரும் மண்டி விலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பழம் எடுத்து வைப்பதில்லை.

#4 பென்னாகரத்து மேடம் | திங்கள், மதியம் 1:15

கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈர்ப்பு என்பது ஒரு ஆளுக்குள் குடியிருக்கும் குணம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது எங்கே, எப்போது, எந்த நிலைமையில் சந்திக்கிறோம் என்பதிலும் பாதி இருக்கிறது. 1974-ல் டட்டன், ஆரோன் என்ற இரண்டு பேர் கனடாவில் வான்கூவர் பக்கத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கப்பிலானோ என்ற ஆற்றின் மேல் ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில் ஒரு தொங்கு பாலம், நடந்தால் ஆடும். ஒகேனக்கல் தொங்கு பாலத்தில் கூட்டம் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போமே, அதைப் பல மடங்கு உயரத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பாலத்தில் வரும் இளைஞர்களை ஒரு பெண் நிறுத்தி, ஒரு படத்தைக் காட்டிச் சின்னக் கதை எழுதச் சொன்னார். "ஆய்வைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்" என்று நம்பரும் கொடுத்தார். கொஞ்சம் தள்ளி, தாழ்வான, ஆடாத மரப்பாலம் ஒன்றிலும் இதையே செய்தார். ஆடும் பாலத்தில் நம்பர் வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். ஆடாத பாலத்தில் 16 பேரில் 2 பேர்.

ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்: பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எதிரே ஒரு பெண் நிற்கிறாள், மனம் அந்தப் படபடப்பைப் பெண்ணின் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

இப்போது உங்கள் பெண் பார்க்கும் படலத்தை யோசியுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் டீப்பாய், சுற்றி எட்டுப் பேர், தட்டில் மிக்சர். நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் படபடப்பு அவமானத்தின் கணக்கில் போய்ச் சேருகிறது.

#5 ஷிஃப்ட் முடிஞ்சவன் | திங்கள், மதியம் 2:30

அப்போ பெண்ணை ஒகேனக்கல் கூட்டிப்போய்ப் பரிசலில் ஏற்றிவிட்டால் போதுமா மேடம்?

#6 பென்னாகரத்து மேடம் | திங்கள், மாலை 4:50

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், ஒவ்வொரு வருஷமும் கடைசி பெஞ்சிலிருந்து வருகிறது.

1981-ல் வேறு சிலர் இதைச் சோதித்தார்கள். ஆண்களை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு மூச்சு வாங்க வைத்து, பிறகு ஒரு பெண்ணின் வீடியோவைக் காட்டினார்கள். அழகாக ஒப்பனை செய்த பெண்ணை மூச்சு வாங்கியவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தது. அதே பெண்ணை அழகில்லாமல் தெரியும்படி ஒப்பனை செய்து காட்டியபோது, மூச்சு வாங்கியவர்களுக்கு இன்னும் குறைவாகவே பிடித்தது. படபடப்பு ஏற்கெனவே இருப்பதைப் பெருக்கும். இல்லாததை உண்டாக்காது. பிடிக்காதவரோடு பரிசலில் போனால் எப்போது கரை வரும் என்றுதான் இருக்கும்.

#7 தொப்பூர் கணவாய் | திங்கள், இரவு 9:10

எல்லோரும் நல்லவர்களாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கெட்டவனாக இருந்துவிட்டுப் போகிறேன்.

டேவிட் பஸ் என்ற உளவியலாளர் 1989-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 33 நாடுகள், 37 குழுக்கள், பத்தாயிரத்துக்கும் மேல் ஆட்கள், அதில் இந்தியாவும் உண்டு. துணையின் சம்பாதிக்கும் திறனுக்கு ஆண்களைவிடப் பெண்கள் அதிக மதிப்பு கொடுத்தார்கள். அழகுக்கும் இளமைக்கும் பெண்களைவிட ஆண்கள் அதிக மதிப்பு கொடுத்தார்கள். அண்ணன் தோப்பில் செந்தூரா பழுக்கட்டும், ஊர் முழுக்க மண்டிதான்.

அப்புறம் எண்ணிக்கை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1000 ஆண்களுக்கு 996 பெண்கள். தருமபுரி மாவட்டத்தில் 946, கிருஷ்ணகிரியில் 958. நம் பக்கம் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். வரிசையில் நிற்பவனிடம் போய் உன் மதிப்பு உன் மனதில் இருக்கிறது என்று சொன்னால் எரிச்சல்தான் வரும். எனக்கு 34.

பதில் போடாமல் இருப்பது வேலை செய்யாது என்றும் யாரும் சொல்லிவிட வேண்டாம். 2011-ல் ஓர் ஆய்வு. கல்லூரிப் பெண்களிடம், "இந்த ஆண்களுக்கு உங்களை ரொம்பப் பிடித்திருக்கிறது", "இவர்களுக்குச் சுமாராகப் பிடித்திருக்கிறது", "இவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை" என்று மூன்று விதமாகச் சொன்னார்கள். தெரியவில்லை என்று சொல்லப்பட்ட ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு அதிகம். படித்துப் பாருங்கள்.

#8 ராகிக்களி | திங்கள், இரவு 10:35

கணவாய் அண்ணா, எண்ணிக்கை சரி. ஆனால் அந்த 946 வானத்திலிருந்து விழவில்லை. பெண் குழந்தை வேண்டாம் என்று கொன்றதும், வயிற்றிலேயே பார்த்துக் கலைத்ததும் சேர்ந்ததுதான் அந்த எண். 1992-ல், பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கி, அப்புறம் நம் மாவட்டத்துக்கும் வந்தது எதனால்? அன்றைக்குப் பெண்ணுக்கு மதிப்பு இல்லை என்று முடிவு செய்த வீடுகளில்தான் இன்றைக்குப் பொண்ணு கிடைக்கவில்லை என்று புலம்புகிறார்கள். உங்களைச் சொல்லவில்லை. உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் அதைப் பெண்கள் பக்கம் திருப்பாதீர்கள்.

இப்போது நாற்காலிக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். என்னை ஏழு பேர் வந்து பார்த்தார்கள். ஒரு அம்மா என் பின்னலைத் தூக்கிப் பார்த்தார், சவரி வைத்திருக்கிறேனா என்று. ஒருவர், நான் காப்பி கொடுத்தபோது போனிலிருந்து கண்ணை எடுக்காமலே டம்ளரை வாங்கினார். இன்னொருவரிடம் தனியாகப் பேச அனுப்பினார்கள். ஐந்து நிமிஷமும் தன் பேக்கேஜையும், பெங்களூரில் எந்த ஏரியாவில் பிளாட் பார்த்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட்டு, "உங்களுக்கு எதாவது கேக்கணுமா?" என்றார். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். சம்பளம் நல்ல சம்பளம்தான். என்னைப் பற்றி அவருக்கு ஒரு விஷயம்கூடத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

ஐந்தாவதாக வந்தவர் ஊத்தங்கரைக்காரர். அப்போது நான் மொரப்பூரிலிருந்து தினமும் தருமபுரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "காலைல எந்த பஸ்ஸுல போறீங்க? உக்கார எடம் கிடைக்குமா?" கிடைக்காது என்றேன். "அப்ப சாயங்காலம் வந்ததும் கால் வலிக்குமே" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை நிறம்கூட எனக்கு நினைவில்லை. அந்தக் கேள்வி நினைவிருக்கிறது.

நடக்கவில்லை. அவர்கள் வீட்டில் 30 பவுன் கேட்டார்கள். இப்போது எனக்கு வேறு ஒருவருடன் கல்யாணமாகி இரண்டு வயதில் பையன் இருக்கிறான். நல்ல மனுஷர். குறை சொல்ல ஒன்றுமில்லை.

#9 காவேரிப்பட்டணத்தான் | திங்கள், இரவு 10:52

அக்கா, இதுக்கு மேல ஜோக் அடிக்க மனசு வரல.

#10 பென்னாகரத்து மேடம் | செவ்வாய், காலை 7:40

கணவாய் சொன்ன இரண்டு ஆய்வுகளும் இருக்கின்றன, சரியாகவும் சொல்லியிருக்கிறார். ஆனால் பாதிதான் சொன்னார்.

டேவிட் பஸ் ஆய்வில் ஆண், பெண் வித்தியாசம் தெரிந்தது உண்மை. அதே ஆய்வில் இரண்டு தரப்பும் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தவை வேறு. ஒருவர் மேல் ஒருவருக்கு அன்பு, நம்பத்தகுந்த குணம், நிதானமான மனசு. சம்பளமும் அழகும் அதற்குக் கீழேதான் வந்தன. வீடியோக்காரர்கள் இந்த வரியைப் படிப்பதே இல்லை.

அடுத்து, கேட்டால் சொல்வது ஒன்று, நேரில் பிடிப்பது வேறொன்று. 2008-ல் ஈஸ்ட்விக், ஃபிங்கல் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் முதலில் யாரைப் பிடிக்கும் என்று காகிதத்தில் எழுதி வாங்கினார்கள். வழக்கம்போல ஆண்கள் அழகு என்றும் பெண்கள் சம்பாத்தியம் என்றும் எழுதினார்கள். பிறகு ஆளுக்குச் சில நிமிஷம் என்று வரிசையாகப் பேசவிட்டார்கள். நேரில் யாரைப் பிடித்தது என்று பார்த்தால் அந்த ஆண், பெண் வித்தியாசத்தையே காணவில்லை. அழகும் சம்பாத்தியமும் இருபாலாரையும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் இழுத்தன. காகிதத்தில் எழுதியதை வைத்து யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று சொல்லவே முடியவில்லை. நம் ஊர் பயோடேட்டா அந்தக் காகிதம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2015-ல் வந்தது. 167 ஜோடிகளை எடுத்துக்கொண்டு, பழக ஆரம்பித்து எவ்வளவு காலம் கழித்துக் காதலானார்கள் என்று கேட்டார்கள். சந்தித்த உடனே சேர்ந்தவர்கள் அழகில் ஒருவருக்கொருவர் பொருந்தியே இருந்தார்கள். அழகுக்கு அழகு, சுமாருக்குச் சுமார். காதலாவதற்கு முன்பு பல மாதம் பழகியவர்களிடம் அந்தப் பொருத்தம் தளர்ந்துவிட்டது. முதல் பார்வையில் எல்லோரும் ஒரே மார்க் ஷீட்டைப் பார்த்து மார்க் போடுகிறார்கள். நாள் ஆக ஆக ஒவ்வொருவரும் வேறு வேறு மார்க் போட ஆரம்பிக்கிறார்கள். ஒருத்திக்கு 5-ஆக இருப்பவன் இன்னொருத்திக்கு 9 ஆகிறான். கிளிமூக்கு அண்ணன் காலை ஆறு மணிக்குச் சொன்னது இதுதான், நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

1992-ல் நடந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்த நான்கு பெண்களை ஒரு வகுப்பறைக்கு அனுப்பினார்கள். ஒருவர் 15 நாள், ஒருவர் 10, ஒருவர் 5, ஒருவர் போகவே இல்லை. யாருடனும் பேசவில்லை, வந்து உட்கார்ந்து எழுந்து போனார்கள். பருவ முடிவில் புகைப்படம் காட்டிக் கேட்டால், அதிகம் வந்தவரை அதிகம் பிடித்தது. காலை பஸ்ஸில் தினமும் பார்க்கும் முகம் நமக்கு எப்படியோ நல்ல முகமாகிவிடுவது இப்படித்தான்.

பெண் பார்க்கும் முறையின் கோளாறு, 20 நிமிஷத்தில் முடிவு கேட்பது. 20 நிமிஷத்தில் மார்க் ஷீட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது.

#11 தொப்பூர் கணவாய் | செவ்வாய், காலை 8:20

பதில் போடாத விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை மேடம். கிண்டலாகக் கேட்கவில்லை.

#12 பென்னாகரத்து மேடம் | செவ்வாய், மதியம் 1:05

சரி. அந்த ஆய்வில் பெண்கள் அந்த ஆண்களைச் சந்திக்கவே இல்லை, படத்தையும் விவரத்தையும் மட்டும் பார்த்தார்கள். நிச்சயமில்லாத விஷயத்தை மனம் திரும்பத் திரும்ப யோசிக்கும், யோசிப்பதே ஈர்ப்பாகிவிடும். அது உண்மை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குப் புறா விடாமல் கொத்தும் என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளர் காட்டினார். லாட்டரிச் சீட்டும் அப்படித்தான் விற்றது. ஆக, ஒருவரை உங்களையே நினைத்துக்கொண்டிருக்க வைக்க முடியும். ஆனால் ஒருவரை நினைத்துத் தவிப்பதும் அவரை நம்பி வீட்டைவிட்டு வருவதும் ஒன்றா?

நம் ஊர் நிலைமை வேறு, அதையும் பாருங்கள். அந்தப் பெண் வீட்டில் பத்துப் பேர் பக்கத்தில் இருக்க, கூச்சத்தோடு "சாப்டீங்களா" என்று கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் காட்மன் என்ற உளவியலாளர் புதுமணத் தம்பதிகளை ஒரு வீட்டில் தங்கவைத்துக் கவனித்தார். ஒருவர் சின்னதாக ஏதாவது சொல்லி மற்றவரைக் கூப்பிடும்போது, ஜன்னலுக்கு வெளியே பறவையைக் காட்டுவது மாதிரிதான், மற்றவர் திரும்பினாரா இல்லையா என்று எண்ணினார். ஆறு வருஷம் கழித்துச் சேர்ந்து இருந்தவர்கள் 100-க்கு 86 முறை திரும்பியிருந்தார்கள், பிரிந்தவர்கள் 33 முறை. "சாப்டீங்களா" என்பது நம் ஊர்ப் பறவை.

#13 தகடூர் வாத்தியார் | செவ்வாய், இரவு 8:00

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பிள்ளைகள் அமெரிக்கப் பாலத்தையெல்லாம் பேசுகிறீர்கள் (கனடா என்று திருத்த வேண்டாம், கண்டுகொண்டேன்). தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய பத்து ஒப்பு சொல்லப்பட்டிருக்கிறது. பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு. இதுவும் பயோடேட்டாதான். ஆனால் திரு, அதாவது செல்வம், பத்தாவதாக நிற்கிறது. அருளுக்கும் உணர்வுக்கும் பின்னால்.

என் கதை. 1981-ல் திருமணம், முகூர்த்தத்தன்றுதான் முகம் பார்த்தேன். இரண்டு மாதம் "ம்", "சரிங்க" தவிரப் பேச்சு இல்லை. ஒரு நாள் இரவு அரிக்கேன் விளக்கில் அரையாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கட்டி வைக்கட்டுமா என்று தாள்களை எடுத்தவள், ஒன்றை மட்டும் தனியே வைத்து, "இந்தப் பையனுக்கு மூணு மார்க்கு விட்டுட்டீங்க" என்றாள். கூட்டிப் பார்த்தேன். விட்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண். அதற்குப் பிறகு பணி ஓய்வு வரை என் கூட்டல் அத்தனையும் அவள் கண் பார்த்துத்தான் பள்ளிக்குப் போனது. அந்த ராத்திரிக்கு முன்னால் அவளை நான் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

#14 கொட்டாய்க்காரன் | செவ்வாய், இரவு 8:45

ஐயா, உங்கள் பட்டியலில் திரு பத்தாவது, சரி. முதல் இரண்டு என்ன? பிறப்பு, குடிமை. நவம்பர் 2012-ல் நாயக்கன்கொட்டாய் பக்கம் ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி மூன்று காலனிகளைக் கொளுத்தினார்கள். அந்தப் பக்கத்து ஆள் நான். ஈர்ப்புக்கு உளவியல் எழுதுகிறவர்கள், ஒருவரைப் பிடித்துப்போவதற்கே நம் ஊரில் என்ன விலை என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

#15 தகடூர் வாத்தியார் | செவ்வாய், இரவு 9:20

நீங்கள் சொல்வது சரி. வரிசையில் எனக்கு வசதியான முனையை மட்டும் காட்டினேன்.

#16 நெறியாளர் | செவ்வாய், இரவு 9:30

இழை திறந்தே இருக்கும். சாதிப் பெயர் சொல்லி யாராவது எழுதினால் அந்தப் பதிவு மட்டும் நீக்கப்படும்.

#17 ஷிஃப்ட் முடிஞ்சவன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:15

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. காரிமங்கலத்துப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "பரவால்லைங்க, எனக்கு நிச்சயம் ஆயிடுச்சு" என்று பதில் வந்தது. பத்து நிமிஷத்தில் வந்தது.

இன்று 15-வது இடம், சூளகிரி பக்கம். தனியாகப் பேச மாடிக்கு அனுப்பினார்கள். கை வியர்த்துவிட்டது. ராகிக்களி அக்கா சொன்னதை மனதில் வைத்து, "காலைல எந்த பஸ்ஸுல போறீங்க, உக்கார எடம் கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர், "நான் ஸ்கூட்டில போறேங்க, உக்காந்துதான் போறேன்" என்றார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எனக்கும் வந்துவிட்டது. அப்புறம் நைட் ஷிஃப்ட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். பிரஸ் ஷாப் சத்தத்தில் இடது காது கொஞ்சம் மந்தம் என்று, வீட்டில்கூடச் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். உடனே எழுந்து வலது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார். கீழேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். நாற்பது நிமிஷம் ஆகியிருந்ததாம்.

ஜாதகம் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை சொல்வார்கள்.

#18 ராகிக்களி | ஞாயிறு, மாலை 6:31

ஏப்பா, நான் சொன்னது பஸ்ஸைப் பத்தியா?

#19 தொப்பூர் கணவாய் | ஞாயிறு, மாலை 6:50

வலது பக்கம் வந்து உட்கார்ந்தாரா! ஜாதகத்தில் எதாவது சொன்னால் எனக்குத் தனி மெசேஜ் போடுங்கள், எனக்குத் தெரிந்த ஜோசியர் ஒருவர் நல்லதாகவே சொல்லுவார்.

#20 கிளிமூக்கு | ஞாயிறு, இரவு 7:10

தம்பி, வியாழக்கிழமை நல்ல சேதி வந்தால் அவங்க வீட்டுக்கு ஒரு பெட்டி செந்தூரா என் கணக்கு.

#21 ஷிஃப்ட் முடிஞ்சவன் | ஞாயிறு, இரவு 7:25

அண்ணா, அவங்களுக்கே மாந்தோப்பு இருக்கு. எனக்கு அனுப்புங்க.